உதிரும் இலைகளும் ஏழு படிகளும்

ஜாஸ் இசைக் கலைஞர்கள் கைக்கு வந்ததை எல்லாம் வாசிக்கிறார்கள் என்று பலர் நினைக்கின்றனர். அந்தந்த நேரத்தில் புதிதாக வாசிப்பது உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒரே பாட்டைக் கொண்டு அதை விளக்கப் பார்க்கிறேன்.

‘ஓட்டம் லீவ்ஸ்’, அதாவது இலையுதிர்கால இலைகள், என்ற பாட்டின் மெட்டை ஜோசப் கொஸ்மா 1945இல் பிரான்சில் அமைத்தார். நமக்கு இலையுதிர்காலம் கிடையாது. மாத்தளையில் தை, மாசியில் இறப்பர் மரங்கள் இலை கொட்டி நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மேலைத்தேய இசையில் மெட்டுக்குத் துணையாக மூன்று, நான்கு சுரங்களைச் சேர்த்து ஒலிப்பார்கள். இதைச் சுரக்கூட்டு எனலாம். ஒவ்வொரு கூட்டுக்கும் ஓர் அடிச்சுரம் உண்டு. இப்பாட்டின் முதற்பகுதியில் வரும் அடிச்சுரங்களை வரிசையாக எழுதினேன்: ம, நி, க, த, ரி, ப, ச. ஏழு சுரங்களும் வந்துவிட்டன! எந்தச் சுரத்திலிருந்து எண்ணினாலும் நான்காவதே அடுத்த படி. ம, ப, த, நி என்று எண்ணிப் பாருங்கள்.

கீபோர்டில் ‘ஏ’ என்னும் வெள்ளைக் கட்டையை ‘ச’ ஆக வைத்தால் ஆறு கூட்டுகள் வெள்ளைக் கட்டைகளிலேயே அமையும். ‘ப’ கூட்டில் மட்டும் ஒரு கறுப்புக் கட்டை, காகலி நிஷாதம், வரும். நடபைரவி ராகம் அந்த ஓரிடத்தில் கீரவாணியாக மாறுகிறது. வாசிப்பவர் அதைக் கவனிக்காவிட்டால் அபசுரம் கேட்கும்.

கூட்டுகளுக்குள்ளே ஓர் இழையும் ஓடுகிறது: த த, ப ப, ம ம, க. இலை மெதுவாக இறங்குவது போன்ற இந்த இழையைப் பிடித்துக்கொண்டால், எவ்வளவு தூரம் கற்பனை செய்தாலும் வழி தவறாது.

1958இல் கனன்பால் அடர்லியும் மைல்ஸ் டேவிசும் இப்பாட்டைப் பதிவு செய்தனர். அடுத்த ஆண்டு பில் எவன்ஸ் பியானோவில் வாசித்தார். அதே பாட்டு, அதே அடித்தளம். ஆனாலும் ஒன்றைக் கேட்டவருக்கு மற்றது புதிதாகவே இருக்கும்.

நம் இலக்கியத்திலும் இது உண்டு. கேட்டவுடன் காளமேகப் புலவர் வெண்பா பாடியது, சீரும் தளையும் அவருக்குள் ஊறியிருந்ததால்தான். மாதிரிக் கட்டுரையை மனனம் செய்து பரீட்சைக்குப் போகும் நாம் யோசிக்க வேண்டிய விடயம் இது. தலைப்புச் சற்று மாறினாலும் மனனம் கைவிட்டுவிடும். கட்டுரை எப்படிக் கட்டப்படுகிறது என்று அறிந்தவளுக்கு எந்தத் தலைப்பிலும் எழுத வரும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரே கூட்டை அரைமணி நேரம் அழுத்திக்கொண்டிருந்தால் ஏசிவிடாதீர்கள். அவள் படிகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.