எஞ்சினை மாற்றினால் பதிவுச் சான்றையும் மாற்றுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்திலும் தருவைகுளம், வேம்பார் கரைகளிலும் விசைப்படகுக்கு எஞ்சின் மாற்ற அதுதான் தோதான நேரம். பழையதை இறக்குகிறார்கள், அதைவிடப் பெரியதை ஏற்றுகிறார்கள், தடை முடிந்ததும் கடலுக்குப் போய்விடுகிறார்கள். பதிவுச் சான்றில் மட்டும் பழைய எஞ்சின் நம்பரே கிடக்கிறது. படகை விற்கும்போதோ, விபத்துக்குப் பின் காப்பீடு கேட்கும்போதோதான் பலருக்கு அது உறைக்கிறது.

சிறு விமானத்தில் ஒரு மாற்றுப் பாகம் பொருத்தக்கூடத் தகுதிச் சான்று வேண்டும். நடுக்கடலில் எட்டுப் பேர் உயிரைச் சுமக்கும் படகின் எஞ்சினுக்கு எந்தக் காகிதமும் வேண்டாம் என்று யார் சொன்னது? சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாகப் படகில் மாற்றம் செய்தால் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டமே சொல்லியிருந்தது. தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் 2020-ல் வந்த விதிகளின்படி படகின் நீளம் 24 மீட்டரையும், எஞ்சின் திறன் 240 குதிரைத்திறனையும் தாண்டக்கூடாது.

கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். எஞ்சின் தகட்டில் பொறித்திருக்கும் எண் மட்டும் போதாது. உற்பத்தியாளர் கொடுத்த திறன் சான்றையும், எஞ்சின் நம்பர் குறித்த ஜிஎஸ்டி ரசீதையும் வாங்குங்கள். பழைய மரப்படகில் பெரிய எஞ்சின் ஏறினால் அதிர்வில் எஞ்சின் படுக்கை விரியும், ஷாஃப்ட் நேர்கோட்டை விட்டு விலகும், பின்பக்கம் தண்ணீர் கசியும். இதைச் சரிபார்க்கத் தெரிந்த படகு கட்டுநரிடம் காட்டாமல் எஞ்சினைத் தூக்கி வைக்காதீர்கள்.

வாங்கும் முன்பே மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், ஆதார், பழைய எஞ்சின் விவரம், புதியதன் விலைப்பட்டியல் ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகை இல்லாமல் திரும்பி வராதீர்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்றால் அதே விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பொருத்திய பிறகு அதிகாரியை நேரில் வந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மீன்பிடிப் படகுகளின் பதிவுக்கான ரியல்கிராஃப்ட் இணையதளத்தில் புது நம்பர் ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். தடைக்கால ஆய்வுக்கு வரும் அலுவலர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: படகின் பெயரையும் பதிவெண்ணையும் குறித்துக்கொண்டு போவது ஆய்வு அல்ல. எஞ்சின் அறைக்குள் இறங்கித் தகட்டைப் பாருங்கள்.

விண்ணப்பத்துக்கு அசைவே இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதன் நிலையைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். எஞ்சின் மாற்றத்தைக் காரணம் காட்டி உரிமத்தை ரத்து செய்வதென்றால் முதலில் உங்களிடம் விளக்கம் கேட்க வேண்டும். ரத்து ஆணை வந்துவிட்டால் மேல்முறையீட்டுக் காலக்கெடுவை அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள். தவறவிட்டு வருபவர்களே அதிகம்.

மறுபடியும் சொல்கிறேன், காப்பீடு. முக்கியமான விவரத்தை மறைத்து எடுத்த ஒப்பந்தத்தை நிறுவனம் தள்ளிவிடலாம் என்கிறது 1963-ஆம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டம். ஆகவே புது எஞ்சின் நம்பரையும் திறனையும் நிறுவனத்துக்கு எழுதி, பாலிசியில் திருத்தம் வாங்குங்கள். ஏஜென்டிடம் போனில் சொன்னது கணக்கில் வராது. திருத்தம் கைக்கு வரும்வரை படகைக் கடலுக்கு அனுப்ப வேண்டாம்.