அவினாசிப் பையனும் அலமாரிப் பிள்ளைகளும்

"ஏந் தம்பி, எங்க அம்மிணி போன்ல என்னமோ கதை எழுதறாளுங்க. அந்த மந்திரப் பள்ளிக்கூடத்துப் பையன் இருக்கறானில்ல, அவனைக் கொண்டாந்து பொன்னியின் செல்வனுக்குள்ள உட்டிருக்கறா. ஒருத்தர் கதையில இருக்கற ஆளைத் தூக்கி இன்னொருத்தர் கதையில போடறது திருட்டில்லீங்களா?"

சென்னிமலையில் பெட்ஷீட் நெய்கிற ஓர் அண்ணன் டீக்கடை பெஞ்சில் கேட்டது இது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் கேட்டார். "எந்தக் கதைய எடுத்தாலும் ஒரு கொளந்தை தான் யாருன்னே தெரியாம வளருது. அப்பறம் தெரிஞ்சுக்குது, அழுவுது. இந்த வயசுல எதுக்குங்க இத்தனை சோகம்?"

முதல் கேள்வி பலரும் கேட்பது. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் பட்டது. இரண்டையும் பொறுமையாகப் பார்ப்போம். டீ ஆறினால் இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்தப் பெண் எழுதுவதை உலகம் ஃபேன் ஃபிக்‌ஷன் என்கிறது. ஒரு கதை பிடித்துப்போன வாசகர், அதே பாத்திரங்களை வைத்துத் தானே எழுதும் கதை. இரண்டு வெவ்வேறு கதைகளின் ஆட்களை ஓரிடத்தில் சந்திக்கவிட்டால் அது கிராஸ்ஓவர். பெயர்கள் புதிது. வேலை பழையது; நம் ஊரிலேயே நடந்த வேலை.

தலைக்கு மேலே இருக்கிற மலையையே பாருங்கள். ஆதிசேஷனுக்கும் வாயுவுக்கும் யார் பலசாலி என்று போட்டி வந்தது. அதில் மேருவின் சிகரம் முறிந்து பூந்துறை நாட்டில் விழுந்தது. அதுதான் சென்னிமலை என்கிறது தலபுராணம். காங்கயத்தைத் தாண்டித் தாராபுரம் போனால், பாண்டவர்கள் தலைமறைவாக இருந்த விராடபுரம் இதுதான் என்பார்கள். திருப்பூர்ப் பக்கம் சர்க்கார் பெரியபாளையத்தில் சிவனை வணங்கியவன் ராமாயணத்துச் சுக்ரீவன். பாரதத்தையும் ராமாயணத்தையும் கொங்கு மண்ணில் இறக்கி வைக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

புகழேந்திப் புலவர் பெயரில் அச்சான பெரிய எழுத்துப் புத்தகங்கள் இன்னும் துணிச்சலானவை. 'அல்லி அரசாணி மாலை'யில் அர்ச்சுனன் மதுரையை ஆளும் அல்லியைத் தேடி வேஷம் மாற்றி வருகிறான். அவர்களுக்குப் பிறக்கும் புலந்திரன் பவளத்தேர் வேண்டுமென்று அழ, அதைத் தேடிப் போன அர்ச்சுனன் பவளக்கொடியைக் கட்டிக்கொள்கிறான். வியாசர் பாரதத்தில் அல்லியும் இல்லை, பவளக்கொடியும் இல்லை. மகன் கேட்ட ஒரு விளையாட்டுச் சாமானால் வீட்டுக்கு இன்னொரு மனைவி வருகிற கதையை நம் ஆட்கள் தாங்களே கட்டினார்கள். அது நாடகமானது. 1934இல் எம்.கே. தியாகராஜ பாகவதரின் முதல் படமாகவும் வந்தது.

ஆனால் அண்ணன் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் அண்ணன்மார் சாமி கதையில்தான் இருக்கிறது. பொன்னர் சங்கர் கதை என்றால் சட்டென்று தெரியும். கொங்குநாட்டில் உடுக்கையடித்துப் பல இரவுகள் விடிய விடியப் பாடுகிற கதை. 1965இல் கனடாவின் மானுடவியலாளர் பிரெண்டா பெக், காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி இதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1971இல் கவிஞர் சக்திக்கனல் ஏட்டுச்சுவடியிலிருந்து பதிப்பித்தார். கலைஞர் கருணாநிதி நாவலாக எழுதினார். 2011இல் அது பிரசாந்த் இரட்டை வேடத்தில் நடித்த சினிமாவாகவும் வந்தது. பாடகருக்குப் பாடகர் கதை மாறும். சாமி கதை என்று கும்பிட்டுக்கொண்டேதான் ஒவ்வொருவரும் தன் கைச்சரக்கைச் சேர்த்தார்கள்.

இந்தக் கதையில் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அண்ணன்மாரின் அப்பன் குன்னுடையான் கற்குவியலுக்கு அடியில் பசு பால் சொரிந்து காப்பாற்றிய குழந்தை. சின்ன வயதிலேயே வளர்த்த பெற்றோரை இழந்து, பங்காளிகளால் விரட்டப்பட்டு, நிலத்துக்கு உரியவன் என்பதை யாரும் அறியாமல் வேற்றூரில் ஆடுமாடு மேய்க்கிறான். பிறகு அவன் மனைவி தாமரை நெடுங்காலம் தவமிருந்து மக்களைப் பெறும்போது, ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடப் பங்காளிகள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பிறந்த இரட்டை ஆண்களைச் சுரங்க வழியே காளி கோயிலுக்குக் கொண்டுபோய் ஐந்து வயது வரை ரகசியமாக வளர்க்கிறார்கள். ஊருக்குத் தெரிந்தது தங்காள் என்ற பெண் குழந்தை மட்டும். இதற்கெல்லாம் மேலே, இந்த வீரர்கள் பாண்டவர்களின் மறுபிறவி என்றும் பாடுகிறார்கள்.

வேட்டை நாயில்கூட ஒரு ஒளிவு உண்டு. கொம்பன் என்ற காட்டுப்பன்றியை அடிக்கப் போகும்போது சங்கர் எல்லா நாய்களையும் கூட்டிக்கொண்டு, பொன்னாச்சி என்ற பொடி நாயை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறான். அவள் மனம் வெந்து சாபம் விட, போனவர்கள் படுத்துவிடுகிறார்கள். கடைசியில் பொன்னாச்சியைக் கெஞ்சிக் கூட்டி வர வேண்டியிருக்கிறது. கொம்பனைச் சாய்க்க வழி செய்வதும் அவள்தான்.

பாட்டனார் காலத்துப் பாடகர்களும் இன்று போனில் எழுதும் பெண்ணும் ஏன் ஆளை மறைத்தே கதை சொல்கிறார்கள்? இதைத் தறிக்காரருக்குச் சொல்வது சுலபம். பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு பிணைத்தால்தான் நெசவு தொடரும். பிணைத்த முடிச்சு துணியில் தெரியக்கூடாது. இரண்டு கதையை இணைப்பவருக்கும் அப்படி ஒரு முடிச்சு வேண்டும். பீமனே கதாயுதத்தோடு வந்து நின்றால் பங்காளிச் சண்டை ஒரே நாளில் முடிந்துவிடும். அவனே தான் யாரென்று தெரியாத ஒரு கவுண்டர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தால் இரண்டு கதையும் சேர்ந்து ஓடும். ஆளை மறைப்பதுதான் அந்த முடிச்சு.

அந்தப் பெண் எழுதியதை அண்ணன் போனிலேயே காட்டினார். ஹாரி பாட்டர் தஞ்சாவூருக்கு வருகிறான். அங்கே அவன் முதலில் பேசுவது அருள்மொழிவர்மனோடும் இல்லை, வந்தியத்தேவனோடும் இல்லை. கோயிலுக்குப் பூ கட்டுகிற சேந்தன் அமுதனோடு. எனக்குப் பெஞ்சைவிட்டு எழுந்து கைதட்ட வேண்டும்போல் இருந்தது. கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்தவர்களுக்குத் தெரியும்: வாய் பேசாத ஒரு தாயின் மகனாக வளரும் அமுதன், உண்மையில் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த இளவரசன். ஹாரியும் அப்படித்தான். பெரியம்மா வீட்டு மாடிப்படிக்குக் கீழே படுத்துக் கிடந்து, 11வது பிறந்தநாளில்தான் தான் யாரென்று அறிகிறான். தன் பிறப்பைத் தெரிந்துகொண்ட பையனும் இன்னும் தெரிந்துகொள்ளாத பையனும் பூக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். எங்கே பிணைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சரியான இழையைத்தான் எடுத்திருக்கிறாள்.

இனிச் சோகத்துக்கு வருவோம். ஒளித்து வைக்கப்படுவது பெரும்பாலும் குழந்தை. ஒளித்ததற்கு விலையும் அந்தக் குழந்தைப் பருவம்தான்.

அவினாசிக் கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஐந்து வயதுச் சிறுவர் இருவர் குளத்தில் குளிக்கப் போனார்கள்; ஒருவனை முதலை விழுங்கியது. சில வருஷம் கழித்துச் சுந்தரர் அந்தத் தெருவில் வருகிறார். எதிரெதிரே இரண்டு வீடு. ஒன்றில் தப்பித்த பிள்ளைக்குப் பூணூல் கல்யாணம், மங்கல ஓசை. எதிர்வீட்டில் அழுகை. சுந்தரர் குளக்கரையில் பதிகம் பாட, முதலை பிள்ளையைக் கொண்டுவந்து உமிழ்ந்தது. இதில் சேக்கிழார் கவனமாகச் சேர்த்த ஒரு தகவல் உண்டு: பிள்ளை போன அன்றைக்கு இருந்த அளவில் திரும்பவில்லை. இடையில் கழிந்த வருஷங்களின் வளர்ச்சியோடு வந்தான். முதலை பிள்ளையை உமிழ்கிற சிற்பத்தை இன்றும் அவினாசியில் பார்க்கலாம்.

புராணம் அற்புதத்தைச் சொல்லிவிட்டுச் சுந்தரரோடு சேர நாட்டுக்குப் போய்விடுகிறது. ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுகிற பிள்ளை குளக்கரையிலேயே நின்றுவிடும். அந்தப் பையனுக்கு உடம்பில் வருஷம் ஏறியிருக்கிறது. அந்த வருஷங்களில் அவன் பம்பரம் விடவில்லை, கோலி ஆடவில்லை, அம்மாவிடம் அடி வாங்கவில்லை. கூடக் குளித்த நண்பன் அதையெல்லாம் செய்து முடித்துவிட்டான். இனி இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்வார்கள்? கதையாக எழுத வேண்டிய இடம் இது.

இதைத் தலைகீழாக்கி எழுதியவர் சி.எஸ். லூயிஸ். 1950இல் வந்த நார்னியா வரிசையின் முதல் புத்தகத்தில், அண்ணன் தம்பி அக்கா தங்கை நாலு பேர் ஒரு துணி அலமாரி வழியாக நார்னியா என்ற வேறு உலகத்துக்குப் போகிறார்கள். அங்கே ராஜாவும் ராணியுமாக முடிசூடி, ஆண்டு, வளர்ந்து பெரியவர்கள் ஆகிறார்கள். ஒருநாள் வேட்டைக்குப் போன வழியில் தற்செயலாக அலமாரி வழியே வெளியே வந்து விழுகிறார்கள். மறுபடியும் சின்னப் பிள்ளைகள். வீட்டில் நேரம் நகரவே இல்லை.

அவினாசிப் பையனுக்கு உடம்பில் இருக்கிற வருஷங்கள் மனசில் இல்லை. அலமாரிப் பிள்ளைகளுக்கு மனசில் இருக்கிற வருஷங்கள் உடம்பில் இல்லை. படைக்கு ஆணையிட்டவன் மறுநாள் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்க வேண்டும். இதை வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் உள்ளே ஒரு ராஜாவை மறைத்துக்கொண்டு சின்னப் பையனாக நடிக்க வேண்டும். நார்னியாவை வைத்து எழுதப்படும் ஃபேன் ஃபிக்‌ஷன்களில் திரும்பத் திரும்ப வருகிற பொருள் இது. லூயிஸ் விட்ட இடத்தை வாசகர்கள் எடுத்துக்கொண்டார்கள். நம் பாடகர்கள் வியாசரிடம் செய்ததும் இதைத்தான்.

அண்ணன்மாருக்கு இந்தக் கணக்கு இன்னும் கொடுமை. அவர்களுக்கு விதித்த ஆயுளே 16 வருஷம். அதில் ஐந்து வருஷம் மறைவில் போயிற்று. மிச்சத்தில் நாடு, பங்காளி, போர். கல்யாணம் நடக்கிறது, மனைவியரோடு வாழவில்லை. விளையாட்டுக்கென்று ஒரு நாள் ஒதுக்கப்படாத பிள்ளைகள் அவர்கள். கோயில்களில் படுகளம் நடத்தும்போது, அண்ணன்மார் சாய்கிற கட்டத்தில் அருள் வந்து ஆட்கள் பிணம்போல விழுவதையும், பிறகு அவர்களை எழுப்புவதையும் பார்த்திருப்பீர்கள். மீசை முறுக்கிய பெரியவர்கள் அங்கே குலுங்கி அழுவார்கள். வீரம் செத்ததற்கு அழுகிறார்கள் என்று ரொம்ப நாள் சொல்லிவருகிறோம். பதினாறு வயசில் போன பிள்ளைகள் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் ஏன் இதையே எழுதுகிறார்கள் என்பதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டாம். வீட்டில் ஒரு முகம், பள்ளிக்கூடத்தில் ஒரு முகம், போனில் ஒரு முகம். நேற்று வரை தறிமேடைக்குப் பக்கத்தில் பாவாடையில் நூல்கண்டு சேர்த்து விளையாடியவளை, இன்றைக்கு "பெரிய பொண்ணு, ஒழுங்கா உக்காரு" என்கிறோம். அவள் குழந்தைப் பருவம் எந்த நாளில் முடிந்தது என்று அவளைக் கேட்டு யாரும் முடித்துவைக்கவில்லை. தன் பெயரில் இதை எழுத அவளுக்குக் கூச்சம். ஹாரி பெயரிலும் அமுதன் பெயரிலும் எழுதும்போது கை ஓடுகிறது. அடுத்தவர் பாத்திரம் அவளுக்கு ஒரு வேஷம். விராட நகரில் பாண்டவர்கள் போட்டதும் அதுதானே. எழுதுகிற பிள்ளை சோகத்தில் மூழ்கியிருக்கிறது என்று பயப்படத் தேவையில்லை. மூழ்காமல் இருக்கத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். சாப்பாடு தூக்கம் கெட்டு, யாரோடும் பேசாமல் ஒதுங்கினால் மட்டும் கதையை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கவனியுங்கள்.

திருட்டா என்ற முதல் கேள்விக்கும் கணக்காகப் பதில் சொல்லிவிடலாம். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் வாழும் காலமும் அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டும் நூலுக்குக் காப்புரிமை உண்டு. கல்கியின் நூல்கள் 1999இலேயே நாட்டுடைமை ஆகிவிட்டன. சேந்தன் அமுதனை யாரும் எடுத்தாளலாம். அண்ணன்மார் கதை ஊர்ச் சொத்து. ஹாரி பாட்டரை எழுதிய ரௌலிங் உயிரோடு இருக்கிறார். அந்தப் பாத்திரத்தை வைத்துப் புத்தகம் போட்டு விற்கக் கூடாது. பிரியத்துக்கு எழுதி, மூலம் யாருடையது என்று மேலே ஒரு வரி போட்டு, நாலு சிநேகிதிகளுக்குக் காட்டுகிற வரை பெரிய வம்பில்லை. பிழைப்பாக்க நினைத்தால் பெயரையும் உலகத்தையும் மாற்றிச் சொந்தமாக எழுத வேண்டும். எழுதி எழுதிக் கை பழகிய பிள்ளைக்கு அது கஷ்டமாகவும் இருக்காது.

ஆகவே பெற்றவர்களுக்குச் சில வேண்டுகோள்கள். போனைப் பிடுங்காதீர்கள், அவள் எழுதியதில் ஓர் அத்தியாயத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், காட்ட மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். அடுத்த முறை பக்கத்து ஊரில் அண்ணன்மார் கதை உடுக்கையில் பாடினால், அவளையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவள் செய்துகொண்டிருக்கிற வேலையை இந்த மண்ணில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தப் பாடகர்கள்தான்.