டிரிக்கர்: கணிப்பொறிப் பதிவேட்டின் காவலால் ஆவதும் ஆகாததும்

பஞ்சாயத்து அலுவலகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருந்த பதிவேடுகளில் பல இன்று கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டன. இவ்வாறு ஒழுங்குபடச் சேமிக்கப்பட்ட பதிவேடுகளின் தொகுதியே தரவுத்தளம் எனப்படுகிறது. கணக்கில் ஐயம் எழுப்பும் அங்கத்தினருக்கு, "தவறு நேர வழியில்லை, கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்" என்ற விடை அடிக்கடி கிடைக்கின்றது. அவ்வாறு பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுகளுள் ஒன்றுதான் டிரிக்கர். அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தெரிந்துகொண்டால்தான் அந்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது விளங்கும்.

துப்பாக்கியின் விசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே டிரிக்கர். பதிவேட்டில் புதிய வரி எழுதப்படும்போதோ, இருக்கும் வரி திருத்தப்படும்போதோ, நீக்கப்படும்போதோ, எவரும் ஏவாமலே நடைபெறும்படி முன்கூட்டி எழுதி வைக்கப்பட்ட கட்டளை அது. இது புதிய கருத்தன்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் கே. பி. ஈஸ்வரன் 1976ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். தரவுத்தளங்களுக்குரிய எஸ்.க்யூ.எல். மொழியின் 1999ஆம் ஆண்டுத் தர வரையறையில் இது இடம்பெற்றது.

உரம் விற்கும் சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு விற்பனைப் பதிவேடு ஒன்று, இருப்புப் பதிவேடு ஒன்று. யூரியா 45 கிலோ மூட்டைகள் 40 இருப்பில் உள்ளன. ஒரு விவசாயிக்கு 5 மூட்டை விற்றதாக எழுத்தர் பதிந்தவுடன், டிரிக்கர் தானே இருப்பை 35 ஆக்கிவிடும். இருப்பு 3 மூட்டையாக இருக்கையில் 5 மூட்டைக்குப் பதிய முற்பட்டால், அது அந்தப் பதிவையே மறுத்துவிடும். விற்பனையில் ஏறி இருப்பில் ஏறாமல் பாதியில் நிற்பது என்பது அங்கே கிடையாது. ஏறினால் இரண்டும் ஏறும், இல்லையேல் இரண்டும் ஏறா. மேலும், ஒருவர் 5 என்றிருந்ததை 8 எனத் திருத்தினால், பழைய எண், புதிய எண், திருத்திய நேரம், திருத்தியவர் பெயர் ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்கவும் அதனால் இயலும். தணிக்கைக்கு இதைவிட உதவும் பணி வேறில்லை என்பது என் கருத்து.

இனி, அதனால் ஆகாதவற்றைக் காண்போம். லாரியிலிருந்து இறங்கியவை 196 மூட்டைகள்; பட்டியலில் கண்டபடி 200 என்று பதியப்பட்டது. டிரிக்கர் 200ஐத்தான் கூட்டும். கிடங்குக்குள் எட்டிப்பார்க்க அதற்குக் கண் இல்லை. எழுதப்படாமலே வெளியே சென்ற மூட்டையைப் பற்றியும் அது ஒன்றும் அறியாது. பதிவேட்டை வெறுமனே படித்துப் பார்த்தவர் யார் என்பதையும் சாதாரண டிரிக்கர் குறிப்பதில்லை. எழுதுதல், திருத்துதல், நீக்குதல் ஆகிய மூன்றுக்கே அது விழித்துக்கொள்ளும்.

பழைய வரிகளைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மக்களுக்குத் தொல்லை விளைவது பெரும்பாலும் இதில்தான். டிரிக்கர் அமைக்கப்படுவதற்கு முன் ஏறிய வரிகளை அது சோதிப்பதில்லை. வீட்டு வரிப் பதிவேட்டில் வீட்டின் பரப்பளவு இல்லாத வரியை ஏற்கலாகாது என்று இவ்வாண்டு ஒரு டிரிக்கர் அமைக்கப்பட்டதாகக் கொள்வோம். பல ஆண்டுகளுக்கு முன் பரப்பளவின்றி ஏறிய வரி அப்படியே உறங்கும். அவ்வீட்டில் தனியே வாழும் மூதாட்டி வரி செலுத்த வந்து, எழுத்தர் அவ்வரியில் தொகையை ஏற்ற முயலும்போதுதான் டிரிக்கர் குறுக்கே நிற்கும். "கம்ப்யூட்டர் வாங்க மாட்டேன் என்கிறது, போய்விட்டு நாளை வாருங்கள்" என்பார்கள். அம்மூதாட்டி செய்த பிழை எதுவும் இல்லை. பழைய வரிகளைத் திருத்தாமல் காவலை மட்டும் அமைத்ததே பிழை. பரப்பளவு வெறுமையாக இருக்கக்கூடாது என்பது போன்ற எளிய விதிகளுக்கு டிரிக்கரே வேண்டியதில்லை. பதிவேட்டின் அமைப்பிலேயே கட்டுப்பாடாக விதித்துவிடலாம். அதை விதிக்கும்போது, தனியே விலக்குச் சொன்னாலன்றி, பழைய வரிகளும் சோதிக்கப்பட்டுக் குறைகள் அன்றே வெளிப்படும்.

திருத்தியவர் பெயர் பதிவாகும் என்றேனே, அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. அலுவலகத்தார் அனைவரும் ஒரே கடவுச்சொல்லைக் கொண்டு உள்ளே நுழைந்தால், எவர் திருத்தினாலும் ஒரே பெயர்தான் பதிவாகும். செய்யாத திருத்தத்துக்கு ஓர் எழுத்தர் பதில் சொல்ல நேரிடும். சுவரில் கடவுச்சொல்லை எழுதி ஒட்டியிருக்கும் அலுவலகத்தில் இக்காவல் வெறும் பெயரளவே.

தரவுத்தளத்தின் முழுப்பொறுப்பு வகிக்கும் நிர்வாகி டிரிக்கரை நிறுத்தி வைக்கவும் இயலும். பதிவேடு முழுவதையும் ஒரே கட்டளையால் வெறுமையாக்கும் முறையொன்று உண்டு. மைஎஸ்க்யூஎல் போன்றவற்றில் அப்போது நீக்கலுக்குரிய டிரிக்கர் விழிப்பதே இல்லை.

கைப்பேசிச் செய்தியை டிரிக்கரைக் கொண்டே நேராக அனுப்பச் செய்வதும் தகாது. "தங்களுக்கு 5 மூட்டை வழங்கப்பட்டது" என்று செய்தி போய்விட்ட பின் வேறு காரணத்தால் அப்பதிவு ரத்தானால், கணக்கைத் திரும்பப் பெறலாம். விவசாயியின் கைக்குப் போன செய்தியைத் திரும்பப் பெற முடியாது. அனுப்ப வேண்டிய செய்தியை ஒரு பட்டியலில் எழுதி வைப்பதோடு டிரிக்கர் நிற்க வேண்டும். பதிவு உறுதியான பின் வேறொரு நிரல் அதை அனுப்பட்டும்.

ஆகவே, "கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லப்படும் கூட்டத்தில் அங்கத்தினர்கள் கேட்கத்தக்கவை சில உள்ளன. இக்காவல் என்று முதல் அமைந்தது? அதற்கு முந்திய வரிகளைச் சோதித்தவர் யார்? அதை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது, நிறுத்தினால் அது எங்கே எழுதப்படும்? ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் உண்டா? இவற்றுக்கு விடை பெற்ற பிறகு, இருப்புப் பதிவேட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு கிடங்கைத் திறந்து மூட்டைகளை எண்ணிப் பார்க்கலாம்.