கருவறைக் காலண்டர் – 4: 28-ஆம் நாளுக்குள்

கரு கருப்பையின் உள்சுவரில் பதிந்ததுவரை சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு அடுத்த இரண்டு வாரங்களில் நடப்பதை, குழந்தைக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு தம்பதியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரங்களை எண்ணுவார்கள். கரு உருவாவது அதிலிருந்து சுமார் 14 நாள் கழித்து. இந்தக் கட்டுரையில் வரும் நாள்கள் கரு உருவானதிலிருந்து எண்ணியவை.

மூன்றாம் வாரத்தில் கரு மூன்று அடுக்குகளாகிறது. கீழடுக்கிலிருந்து குடலின், நுரையீரலின் உட்படலம் வரும். நடு அடுக்கு எலும்பாக, தசையாக, இதயமாக மாறும். மேலடுக்கிலிருந்து தோலும் மூளையும் நரம்புகளும் பிறக்கும். மேலடுக்கின் நடுப்பகுதி தடித்து ஒரு தகடாகிறது. வெற்றிலையை மடிக்கும்போது இரு ஓரங்களும் எழுந்து சேர்வதுபோல, அந்தத் தகட்டின் ஓரங்கள் எழுந்து வளைகின்றன. 22-ஆம் நாள் வாக்கில், கழுத்தாகப் போகும் இடத்தருகே அவை முதலில் ஒட்டுகின்றன. அங்கிருந்து மேலும் கீழுமாக மூடிக்கொண்டே போய் ஒரு குழாயாகின்றன. இதுதான் நரம்புக்குழாய். இதன் தலைப்பக்க வாய் 25-ஆம் நாளையொட்டியும், கீழ்ப்பக்க வாய் 28-ஆம் நாளையொட்டியும் அடைபடுகின்றன. அப்போது கருவின் நீளம் சுமார் 4 மில்லிமீட்டர். இதயம் அதற்குள் துடிக்கத் தொடங்கிவிட்டது.

தலைப்பக்கம் மூடாமல் போனால் மூளையும் மண்டையோடும் முழுதாக உருவாகாது. அந்தக் குழந்தையைக் காப்பாற்ற முடியாது. கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் முதுகுத்தண்டில் திறப்பு நின்றுவிடும். குழந்தையின் கால்கள் செயலிழக்கலாம், சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம்.

இந்தக் குறைகளில் பெரும்பகுதியைத் தடுக்க ஒரு சின்ன மாத்திரை இருக்கிறது: ஃபோலிக் ஆசிட். செல்கள் வேகமாகப் பெருகும்போது டி.என்.ஏ.வை உருவாக்க இந்த வைட்டமின் தேவை. இதன் வரலாற்றில் நம் ஊருக்கும் பங்குண்டு. 1928-இல் பம்பாய் வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஆலைத் தொழிலாளர்களான கர்ப்பிணிகளைத் தாக்கிய கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் ஆய்வு செய்தார். ஈஸ்ட் சாறு அதைக் குணமாக்குவதை 1931-இல் வெளியிட்டார். சாற்றில் இருந்த அந்தச் சத்துதான் பின்னாளில் ஃபோலிக் ஆசிட் என்று அடையாளம் காணப்பட்டது. அதை 1940-களில் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்க ஆய்வுக்குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

நரம்புக்குழாய்க் குறைக்கும் இதற்கும் உள்ள தொடர்பை 1991-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் உறுதிசெய்தது. ஏற்கெனவே இக்குறையுள்ள குழந்தையைச் சுமந்த பெண்கள், கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் எடுத்துக்கொண்டபோது, மீண்டும் அக்குறை வருவது 72 சதவீதம் குறைந்தது.

இப்போது காலண்டரைப் பாருங்கள். 28-ஆம் நாள் என்பது, மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டே வாரம் ஆன நேரம். 'நாள் தள்ளியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே குழாய் மூடும் வேலை முடிந்துவிடுகிறது. பரிசோதித்து, மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்குவதற்குள் அந்தக் கட்டம் கடந்துவிடும்.

எனவே குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள், குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுத்துக்கொள்ளத் தொடங்க வேண்டும். கர்ப்பத்தின் 12-ஆம் வாரம்வரை தொடர வேண்டும். கீரையும் பயறும் அவசியம் சாப்பிடுங்கள். ஆனால் சமைக்கும்போது இந்தச் சத்தில் கணிசமான பங்கு போய்விடுவதால் மாத்திரையும் வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், முன்பு இக்குறையுள்ள குழந்தையைச் சுமந்தவர்களுக்கும் கூடுதல் அளவு தேவைப்படலாம்; மருத்துவரிடம் கேளுங்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

முன்கூட்டித் தொடங்காதவர்கள் பதற வேண்டாம். மிகப் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குழாய் சரியாகவே மூடுகிறது. இன்றே மாத்திரையைத் தொடங்குங்கள். குறையோடு குழந்தை பிறந்த வீட்டில், 'கிரகணத்தன்று வெளியே போனாள்' என்று தாயைக் குற்றவாளியாக்குபவர்களும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பழி சுமத்துவதால் யாருக்கும் பயனில்லை. அடுத்த கர்ப்பத்துக்கு முன் மருத்துவரிடம் அழைத்துப் போவதே அவளுக்குச் செய்யும் உதவி.

(அடுத்த வாரம்: கை, கால், முகம் உருவாகும் நாள்கள்)