பயம் இருக்கும்போதே தள்ளு

1982-ல் லாஸ் வேகஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ கேசினோவில் உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி நடந்தது. ஜாக் ஸ்ட்ராஸ் தன் சிப்புகளை எல்லாம் முன்னே தள்ளித் தோற்று, எழுந்துவிட்டார். மேசையில் ஒரே ஒரு 500 டாலர் சிப் மறைந்து கிடந்ததாம். 'ஆல்-இன்' என்று அவர் வாய்விட்டுச் சொல்லாததால் தொடர்ந்து ஆட விட்டார்கள். கடைசியில் 5,20,000 டாலர் பரிசோடு வென்றவர் அவர்தான். ஒரு சிப்பும் ஒரு நாற்காலியும் இருந்தால் போதும் என்று போக்கர் உலகம் இன்றும் அவரை வைத்துத்தான் சொல்கிறது.

கேட்கவே சிலிர்க்கிறது. ஆனால் சிப் குறைந்தவர்களுக்கு இந்தக் கதை நல்லது செய்யவில்லை என்பது என் எண்ணம். கடைசிச் சிப் வரை நல்ல சீட்டுக்காகக் காத்திருக்கலாம் என்ற தைரியத்தை அது கொடுத்துவிடுகிறது.

டோர்னமென்ட்டில் காத்திருப்பதற்கும் காசு போகும். கட்டாயமாகப் போட வேண்டிய பந்தயங்களான சின்ன பிளைண்ட் 500, பெரிய பிளைண்ட் 1,000, மேசைக்கு மொத்தமாக ஆன்டி 1,000 என்றால், மேசையை ஒருமுறை சுற்றி வருவதற்குள் 2,500 கரைந்துவிடும். கையிலுள்ள சிப்பை இந்தத் தொகையால் வகுத்துப் பார்க்கச் சொன்னவர், பேக்கமன் ஆட்டத்தில் பெரும் பெயர் பெற்ற பால் மக்ரியல். 1995-ல் உலகப் பட்டம் வென்ற டான் ஹாரிங்டன் அதைத் தன் நூலில் விரிவாக எழுதிப் பரப்பினார். விடை ஐந்துக்குக் கீழே வந்துவிட்டால் மிஞ்சுவது இரண்டே வழி: எல்லாவற்றையும் தள்ளுவது, அல்லது சீட்டை மடக்குவது.

10,000 சிப் வைத்திருப்பவருக்கு விடை நான்கு. அவர் 2,500 மட்டும் ஏற்றிப் பார்த்து, எதிராளி திருப்பி ஏற்றியதும் மடக்கினால், சொத்தில் கால்வாசி வீண். மொத்தமாகத் தள்ளினால் என்ன ஆகும்? டீலர் பட்டனில் இருக்கிறார், முன்னால் எல்லோரும் மடக்கிவிட்டார்கள், சீட்டு சுமார்தான் என்று வைத்துக்கொள்வோம். நூற்றில் 75 முறை இரு பிளைண்ட்காரர்களும் மடக்கினால், ஒவ்வொரு முறையும் 2,500 லாபம். மீதி 25 முறை பெரிய பிளைண்ட்காரர் ஏற்கிறார். அப்போது நடுவில் 21,500 சேரும். அதில் நம் வெற்றி வாய்ப்பு 35 சதவீதமே என்றாலும் சராசரி நஷ்டம் 2,475தான். கூட்டிக் கழித்தால் ஒவ்வொரு தள்ளலும் சராசரியாக 1,250-க்கு மேல் சம்பாதிக்கிறது. சம்பாதித்துக் கொடுப்பது சீட்டைவிட எதிராளியின் பயம்தான்.

அதே ஆள் 3,000 சிப்புக்கு இறங்கும்வரை காத்திருந்து தள்ளினால், பெரிய பிளைண்ட்காரர் இன்னும் 2,000 போட்டால் போதும். நடுவில் 5,500 கிடக்கிறது. எந்தச் சீட்டை வைத்தும் ஏற்பார். பயமுறுத்தும் சக்தி போன பிறகு, சீட்டின் அதிர்ஷ்டம் மட்டுமே மிச்சம்.

தள்ளுவதற்குப் போதுமான சீட்டு, ஏற்பதற்குப் போதாது. ஏற்பவருக்கு மடக்கவைத்து வெல்லும் வழி கிடையாது. பரிசு நெருங்கும்போது இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகிறது. நால்வர் சமமான சிப்போடு இருக்கிறார்கள். பரிசு முதல் மூவருக்கு, 50, 30, 20 என்ற விகிதத்தில். ஒவ்வொருவரின் பங்கும் இப்போது 25. ஒருவர் ஆல்-இன் என்கிறார். ஏற்று வென்றால் உங்கள் சிப் இரட்டிப்பாகும். பரிசில் உங்கள் பங்கோ 38 அளவுக்குத்தான் உயரும். தோற்றால் ஒன்றுமில்லை. சிப்பைப் பரிசுப் பங்காக மாற்றும் இந்தக் கணக்கை 1980-களில் போக்கருக்குக் கொண்டுவந்தவர் மேசன் மால்முத். பிளைண்டை விட்டுவிட்டுப் பார்த்தால், ஏற்பதற்கு 65 சதவீத வெற்றி வாய்ப்பு தேவை. எதிராளி தன் ஏஸையும் ராஜாவையும் திறந்து காட்டிவிட்டே தள்ளினாலும், உங்கள் ராணி ஜோடிக்கு இருப்பது சுமார் 57 சதவீதம். மனசு கேட்காது, ஆனாலும் மடக்க வேண்டும். அதே ராணி ஜோடியோடு நீங்கள் முந்திக்கொண்டு தள்ளியிருந்தால், ஏஸையும் ராஜாவையும் வைத்துக்கொண்டு தவித்திருப்பவர் அவர்.