கேட்பது வேறு, அறிவிப்பது வேறு

அணையோ, சுரங்கமோ, சரணாலயமோ எதுவும் வெறும் நிலத்தில் வருவதில்லை. அங்கே ஏற்கெனவே யாரோ உழுதிருப்பார்கள், மாடு மேய்த்திருப்பார்கள், தேன் எடுத்திருப்பார்கள். அவர்களைக் கேட்காமல் அரசு முடிவெடுக்கலாமா? உலகெங்கும் ஆதிக்குடி மக்கள் நீண்ட காலமாக எழுப்பிவரும் கேள்வி இது. நெளுக்குளத்திலும் அயற் கிராமங்களிலும் இடம்பெயர்வை அனுபவித்த கமக்காரக் குடும்பங்களாகிய எமக்கும் இக்கேள்வி அந்நியமானதல்ல.

கேட்காமல் எடுத்த முடிவு

எமது நாட்டு அனுபவத்தை முதலில் நோக்குவோம். 1983 நவம்பரில் மாதுரு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. மகாவலித் திட்டத்தின் நீரேந்து பகுதிகளையும் வனவிலங்குகளையும் பாதுகாப்பதே அதன் நோக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் அக்காடு, வேடர் சமூகம் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி, தேனெடுத்து, சேனை செய்து வாழ்ந்த காடு. பூங்காவின் எல்லைக்குள் அத்தொழில்களே குற்றங்களாகின. பல குடும்பங்கள் ஹெனானிகல போன்ற மகாவலிக் குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டன. திசாஹாமியின் தலைமையில் சில குடும்பங்கள் மட்டும் தம்பானையை விட்டு அசைய மறுத்தன. போனவர்களுக்குக் காணி கிடைத்தது. காட்டோடு இருந்த உறவு கிடைக்கவில்லை.

2020ஆம் ஆண்டில் றம்பக்கன் ஓயாப் பகுதியில் சோளன் செய்கைக்காகக் காடு அழிக்கப்படுவதை எதிர்த்து, வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோ மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது.

சட்டம் சொல்வது

சர்வதேசத் தொழில் அமைப்பின் 169ஆம் இலக்கச் சமவாயம் 1989இல் உருவானது. ஆதிக்குடிகளைப் பாதிக்கும் திட்டங்களில் அரசு அவர்களுடன் நல்லெண்ணத்தோடு கலந்தாலோசிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. 2007இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய ஆதிக்குடிகளின் உரிமைப் பிரகடனத்துக்கு இலங்கை ஆதரவாக வாக்களித்தது. வற்புறுத்தலின்றி, முன்கூட்டியே, முழு விபரமும் அறிந்து கொடுக்கும் சம்மதத்தை அது வலியுறுத்துகிறது.

"நாங்கள் ஆதிவாசிகள் அல்லவே" என்று சிலர் கேட்கலாம். கமக்காரருக்கும் 2018இல் ஐக்கிய நாடுகள் சபை தனியான பிரகடனம் ஒன்றை நிறைவேற்றியது. அவர்களைப் பாதிக்கும் முடிவுகளை எடுப்பதற்கு முன்னரே அவர்களுடன் கலந்து பேச வேண்டும் என அதுவும் கூறுகிறது. பிரகடனங்கள் நேரடியாக அரசைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் அல்ல. ஆயினும் நியாயம் கேட்போருக்கு அவை ஊன்றுகோல்.

கேட்டபோது நடந்தது

இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் நியம்கிரி மலை உள்ளது. டொங்ரியா கோந்த் மக்களுக்கு அது தெய்வம் உறையும் மலை. அங்கே வேதாந்தா நிறுவனத்தின் ஆலைக்காக பொக்சைற் தோண்டத் திட்டமிடப்பட்டது. அடிவாரத்தில் ஆலையும் முன்னரே எழுந்துவிட்டது. 2013 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபைகள் கூடி இதனை ஆராய வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. கம்பனியோ அரசோ தலையிடாதபடி நீதித்துறை அதிகாரி ஒருவர் பார்வையாளராக இருக்க வேண்டும் என்றும் பணித்தது. அவ்வாண்டு கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. 2014இல் மத்திய அரசு சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது. "இல்லை" என்று சொல்ல இடமிருந்ததாலேயே அது உண்மையான கலந்தாலோசனை ஆயிற்று.

எமது காணிகள்

2025 மார்ச் 28இல் வெளியான வர்த்தமானியை நினைவுகூர்வோம். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோர வேண்டும். தவறினால் அது அரச காணியாகும் என்பதே அறிவித்தல். போரில் உறுதியை இழந்தவரும், இந்திய முகாமில் இருப்பவரும், வெளிநாட்டில் இருப்பவரும் மூன்று மாதத்தில் எப்படி உரிமை கோருவார்கள்? எதிர்ப்பும் வழக்கும் எழுந்தபின், ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசும் அறிவித்தலை மீளப் பெற்றது. வர்த்தமானியில் அச்சிடுவது அறிவிப்பதாகும், கேட்பதாகாது.

கூட்டத்தில் நாம் கேட்க வேண்டியவை

1. முடிவு எடுக்கப்பட்டுவிட்டதா, இனித்தான் எடுக்கப்படுமா?
2. வரைபடமும் அறிக்கையும் தமிழில் உள்ளனவா? வாசித்து ஆராயக் கால அவகாசம் உண்டா?
3. குளம், மேய்ச்சல் தரை, பாதை ஆகியவற்றுக்கு என்ன நேரும்? இன்னும் திரும்பி வராத குடும்பங்களின் கருத்தை யார் பெறுவார்?
4. நாம் மறுத்தால் திட்டம் மாறுமா?

வரவுப் பதிவில் கையொப்பமிடுவது வேறு, சம்மதம் தெரிவிப்பது வேறு. எதற்கு ஒப்பமிடுகிறோம் என்று வாசித்தறியாமல் பேனாவைத் தொட வேண்டாம். கமக்கார அமைப்பும் மாதர் சங்கமும் தத்தமது கூட்டக் குறிப்பைத் தாமே எழுதி, பிரதேச செயலகத்தில் ஒரு பிரதியைக் கையளித்து, பெற்றுக்கொண்டமைக்கான ஒப்பத்தை வாங்கி வைக்கட்டும். பேச்சு காற்றோடு போகும்; எழுத்து எமது பிள்ளைகளின் காலத்திலும் சாட்சி சொல்லும்.