சலவை இயந்திரம் நின்றுவிட்டதா? முதலில் குழாயைப் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை. அல்சூர் ஆனாலும் சரி, ஒயிட்பீல்டு ஆனாலும் சரி, பெங்களூரில் வேலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வாரத்துத் துணி முழுவதும் அன்றைக்குத்தான் துவைபடுகிறது. அந்த நேரம் பார்த்து இயந்திரம் நடுவிலேயே நின்றுவிட்டால்? துணியெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறுகிறது. மறுநாளைக்குப் பள்ளிக்கூடச் சீருடை வேண்டும். கதவோ திறக்க மறுக்கிறது.

"துவைக்கிற கல்லு என்னிக்காவது ரிப்பேர் ஆச்சா?" என்று மாமியார் கேட்பார். "இருங்க அத்தை, மெக்கானிக்குக்குப் போன் பண்ணியாச்சு" என்பாள் மருமகள். மெக்கானிக் வருவார். பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சும்மா" என்பார். அதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும்.

சில சமயம் போர்டு உண்மையிலேயே போயிருக்கும். ஆனால் பல சமயங்களில் குற்றவாளி போர்டு அல்ல. ஒரு சிட்டிகை மணல், ஒரு சட்டைப் பொத்தான் அல்லது மடங்கிப்போன ஒரு குழாய். மெக்கானிக்கை அழைக்கும் முன் அரை மணி நேரம் செலவிட்டால் இதை வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம்.

எந்த வேலையில் நின்றது?

சலவை இயந்திரத்துக்கு உள்ள வேலைகள் நான்குதான். தண்ணீரை உள்ளே வாங்குவது, துணியைப் புரட்டுவது, அழுக்குத் தண்ணீரை வெளியேற்றுவது, வேகமாகச் சுற்றிப் பிழிவது. இந்த நான்கில் எதைச் செய்யாமல் நின்றது என்று கவனித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். புதிய இயந்திரங்கள் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீட்டையும் காட்டும். அதன் பொருள் இயந்திரத்தோடு வந்த கையேட்டில் இருக்கும். அதைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாமல் வைத்திருப்பது நல்லது.

எதைத் தொடும் முன்பும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். குழாயையும் மூடிவிட வேண்டும்.

தண்ணீர் ஏறவில்லையா?

பெங்களூருக்குக் காவிரி நீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து வருகிறது. 1974இல் முதல் கட்டத் திட்டம் தொடங்கியது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டமும் வந்தது. ஆயினும் பல வீடுகளுக்கு இன்னும் ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியும்தான் துணை. அந்தத் தண்ணீரோடு மணலும் துருவும் சேர்ந்து வருகின்றன.

இயந்திரத்தின் பின்னால் தண்ணீர்க் குழாய் பொருத்தப்படும் வாயில் சிறு சல்லடை ஒன்று இருக்கும். மணல் அங்கேதான் அடைத்துக்கொள்கிறது. குழாயைக் கழற்றி, சல்லடையை மெதுவாக இழுத்தெடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவித் திரும்ப வைத்தால் போதும். சல்லடையைத் தூக்கி எறிந்துவிட்டு இயக்கினால், மணல் உள்ளிருக்கும் வால்வுக்குப் போய்விடும். பிறகு வால்வையே மாற்ற வேண்டி வரும்.

சல்லடை சுத்தமாக இருந்தும் தண்ணீர் ஏறவில்லையா? குழாயைத் திறந்து வாளியில் பிடித்துப் பார்க்க வேண்டும். நூல் போல வந்தால் குறை இயந்திரத்தில் இல்லை. மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார்தான். பல இயந்திரங்களுக்கு அதுவே மிகக் குறைந்த எல்லை. இதற்கு மருந்து போர்டு அல்ல. அழுத்தம் கூட்டும் சிறு பம்பு.

தண்ணீர் வடியவில்லையா?

முன்பக்கம் கதவுள்ள இயந்திரமாக இருந்தால், அடியில் ஒரு மூலையில் சிறு மூடி இருக்கும். அதற்குள் இருப்பது வடிகட்டி. கொதிநீரில் துவைத்திருந்தால் ஆறவிட வேண்டும். கீழே ஒரு தட்டையும் பழந்துணியையும் வைத்துக்கொண்டு, மூடியை மெல்லத் திருக வேண்டும். ஒரேயடியாகத் திருகினால் சமையலறை வரை தண்ணீர் ஓடும். உள்ளிருந்து நாணயம், ஹேர்பின், ஊக்கு, பொத்தான் எனப் பலவும் வெளிவரும். சுத்தம் செய்து இறுக்கி மூடினால் பெரும்பாலும் பம்பு மறுபடி ஓடத் தொடங்கும். தண்ணீர் வடிந்தபின் ஓரிரு நிமிடம் பொறுத்தால் கதவும் தானே திறக்கும். அதைப் பலங்கொண்டு இழுத்துப் பூட்டை உடைக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், ஆனால் நிறையாது. கழிவுநீர்க் குழாயின் முனையைத் தரையில் போட்டிருப்பதே காரணம். ஏறும் தண்ணீர் அப்படியே வழிந்து போய்விடுகிறது. இவ்வகை இயந்திரங்களுக்கு அந்த முனை ஏறக்குறைய 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து துணி போடும் இயந்திரங்களில், பம்பு இல்லாதவற்றுக்கு இது பொருந்தாது. அவற்றின் குழாய் தாழ்வாகவே கிடக்க வேண்டும்.

வீடு மாற்றியபின் ஆட்டமா?

வாடகை வீட்டுக்காரர்கள் அடிக்கடி வீடு மாற்றுகிறார்கள். புது வீட்டில் இயந்திரம் பிழியும்போது நடனமாடினால், முதலில் நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கால்களைத் திருகி உயர்த்தலாம், தாழ்த்தலாம். ஒரே ஒரு கனத்த போர்வையைத் தனியாகப் போட்டாலும் ஆட்டம் வரும்.

முன்பக்கக் கதவு இயந்திரத்தின் பின்னால், உள்டிரம் ஆடாமலிருக்கப் பெரிய திருகாணிகளைப் பொருத்தித்தான் கம்பெனியிலிருந்து அனுப்புகிறார்கள். ஓட்டும் முன் அவற்றைக் கழற்ற வேண்டும். வீடு மாற்றும்போது மறுபடி பூட்ட வேண்டும். கழற்றாமல் ஓட்டினாலும் கேடு, பூட்டாமல் லாரியில் ஏற்றினாலும் கேடு.

உப்பும் நுரையும்

ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து, வெந்நீர் போடும் கம்பியில் படிந்து பாறைபோல் இறுகும். துணி விறைத்துப்போவதும், தண்ணீர் சூடாகத் தாமதமாவதும் இதன் அறிகுறிகள். உப்பு நீக்கும் தூளைக் கையேடு சொல்லும் அளவில் போட்டு, துணி இல்லாமல் வெந்நீரில் ஒரு முறை ஓட்டினால் படிவு கரையும். கையால் துவைக்கும் சோப்புத் தூளை முன்பக்கக் கதவு இயந்திரத்தில் போடக் கூடாது. மிஞ்சிய நுரையே பம்பைத் திணற வைத்து இயந்திரத்தை நிறுத்திவிடும்.

இங்கே கை வைக்காதீர்கள்!

இதுவரை சொன்னதெல்லாம் தண்ணீர் சம்பந்தப்பட்டது. இனி மின்சாரம். கருகும் வாடை வந்தாலோ, மோட்டார் 'உம்' என்று முனகியும் சுற்றாவிட்டாலோ, எலி ஒயரைக் கடித்திருந்தாலோ, அது மெக்கானிக்கின் வேலை. மோட்டாரோடு இணைந்த கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான குறை ஒன்று உண்டு. அதை யாரும் குறையாகவே எண்ணுவதில்லை. இயந்திரத்தைத் தொட்டால் லேசாகச் சுரீரென்கிறது. "செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடுங்க அத்தை, ஒண்ணும் ஆகாது" என்று ஒரு சமாதானம். துணி நன்றாகத்தானே துவைபடுகிறது!

அந்தச் சுரீருக்குப் பொருள், மின்சாரம் தகரப் பெட்டிக்குக் கசிகிறது, எர்த் அதை வாங்கிக்கொள்ளவில்லை என்பதே. பழைய வீடுகள் பலவற்றில் மூன்று துளைப் பிளக் இருக்கும். எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. ஈரக் காலோடு நிற்கும் இடத்தில் இது உயிருக்கே உலை வைக்கும். அந்த நிமிடமே இயந்திரத்தை நிறுத்தி, எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த்தைச் சோதிக்க வேண்டும். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சாதனத்தைப் பொருத்தச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்கலாம். வெந்நீர் வசதியுள்ள இயந்திரம் சுமார் 2,000 வாட் வாங்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்தான் ஏற்றது. எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டவே வேண்டாம்.

துணி துவைபடாமல் நின்றால் வீடே பதறுகிறது. சுரீரென்று அடித்தாலோ செருப்பைத் தேடுகிறது. பதற வேண்டியது இரண்டாவதற்குத்தான். துவைக்கிற கல்லுக்கு எர்த் தேவைப்பட்டதில்லை. அந்த ஒரு விஷயத்தில் மாமியார் சொல்வதை மறுக்க முடியாது!